கிருமியின் கையில் ஒரு கத்தரிக்கோல்

யமுனையாற்று நீரைப் பற்றி இன்று தலைநகரில் நல்வார்த்தை சொல்வார் அரியர். ஓக்லா அணைக்கட்டின் பக்கம் வெண்ணுரை மிதக்கும் அந்நீரைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகுவதே நம்மவர் வழக்கமாகிவிட்டது. ஆனால் இதே யமுனை ஒரு காலத்தில் விஞ்ஞான உலகின் கவனத்தை வேறொரு காரணத்துக்காக ஈர்த்தது என்றால் நேயர்கள் வியப்படைவர். 1896ஆம் ஆண்டில், ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹாங்கின் என்னும் ஆங்கிலேயர், கங்கை, யமுனை ஆகிய இரு நதிகளின் நீரிலும் வாந்திபேதிக் கிருமிகள் விரைவில் மடிந்துபோகின்றன என்று பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் வெளியீட்டில் எழுதினார். கிருமிகள் நுழைய இயலாத நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் வடித்தெடுத்த நீருக்கும் அவ்வாற்றல் இருந்தது. அதே நீரைக் காய்ச்சிவிட்டால் ஆற்றல் அகன்றது. கிருமியினும் சிறிதான ஏதோ ஒன்று அந்நீரில் இருந்து கிருமியைக் கொல்கிறது என்பதே இதன் பொருள். அஃது யாது என்று அக்காலத்தில் எவரும் அறியார்.

1915இல் இங்கிலாந்தில் டுவார்ட் என்பவரும், 1917இல் பாரிஸில் டெரெல் என்பவரும் தனித்தனியே அப்பொருளைக் கண்டனர். டெரெல் அதற்கு 'பாக்டீரியோபேஜ்', அதாவது 'கிருமியுண்ணி' எனப் பெயரிட்டார். ஹாங்கின் கண்டதும் இதுவே என்று பிற்காலத்தார் கருதுவர். டெரெல் 1920களில் இந்தியாவுக்கே வந்து வாந்திபேதி நோயில் அதனை மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. அக்கதை தனிக்கட்டுரைக்கு உரியது, இப்போது வேண்டாம்.

உண்ணி என்ற பெயர் சற்றே பொருத்தமற்றது என்பது நம் கருத்து. அது கிருமியை உண்பதில்லை, ஏமாற்றுகிறது. தலையும் வாலுமாக இருக்கும் அந்த நுண்பொருள் கிருமியின் மேற்புறத்தில் வந்து அமர்கிறது. பின்னர் தன் உடலை வெளியே நிறுத்திவிட்டு, தன் தலையினுள் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ. என்னும் நூலை மட்டும் ஊசி போட்டாற்போல உள்ளே செலுத்துகிறது. டி.என்.ஏ. என்பது ஓர் உயிர் எவ்வாறு அமையவேண்டும் என்று எழுதி வைத்த ஏடு. அந்நிய ஏடு உள்ளே வந்ததும், அப்பேதைக் கிருமி தன் வேலையை விட்டுவிட்டு வந்தவன் ஏட்டின்படி வேலை செய்யத் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் கிருமியின் வயிறு வெடித்து நூற்றுக்கணக்கான புதிய உண்ணிகள் வெளியே வருகின்றன. அவை ஒவ்வொன்றும் அடுத்த கிருமியைத் தேடிச் செல்கின்றன.

இவ்வாறாயின் உலகில் ஒரு கிருமியும் மிஞ்சியிராதே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கிருமிகள் தம்மைக் காத்துக்கொள்ளப் பல உபாயங்களை வைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் உத்தியோகம் பார்க்கும் நாம் இவ்விஷயத்தில் தலையிடுவானேன் என்று சில அன்பர்கள் நினைக்கக்கூடும். நம் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலும் பிள்ளைகள் மூவர் இருக்கின்றனர். அவர்களுடைய பாடப் புத்தகத்தில் இந்த விஷயம் ஓர் அத்தியாயமாகவே வருகிறது. ஆங்கிலத்தில் நெட்டுருப்போட்டு ஒப்பிக்கும் அப்பிள்ளைகளிடம், "இதற்குப் பொருள் என்னடா?" என்று கேட்டால் விழிக்கின்றனர். தமிழில் சொன்னால் விளங்குமோ என்று எண்ணி நாமே புத்தகங்களைப் புரட்டலானோம். விளங்கியது. விளங்கியதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் சொல்கிறோம்.

விஷயம் ஓர் உடைந்த கண்ணாடிக் குழாயில் தொடங்குகிறது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லூரியா என்னும் இத்தாலிய அறிஞர் ஆராய்ச்சி செய்துவந்தார். ஒரு வகைக் கிருமியில் வளர்ந்த உண்ணிகள் வழக்கமான கிருமியிடம் சென்றபோது செயலற்றுப் போனதை அவர் கண்டார். அவை செத்துவிட்டன என்றே எண்ணினார். ஒருநாள் அவர் வைத்திருந்த கிருமிக் குழாய் உடைந்துபோகவே, பக்கத்தில் இருந்த பெர்டானி என்ற நண்பரிடம் வேறோர் இனக் கிருமியை இரவல் வாங்கி உபயோகித்தார். என்ன ஆச்சரியம்! செத்தன என்று எண்ணிய உண்ணிகள் அந்த இரவல் கிருமியில் செழித்து வளர்ந்தன. 1952இல் இதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே பெர்டானியும் வைகிள் என்பவரும் வேறு உண்ணிகளிலும் இத்தகைய மாற்றத்தைக் கண்டனர்.

அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்வோம். 'க' என்ற கிருமியில் பிறந்த உண்ணி 'ச' என்ற கிருமியினுள் புகுந்தால், பதினாயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கிறது. ஆனால் அவ்வாறு பிழைத்த ஒன்றின் வாரிசுகள் 'ச' கிருமியில் தடையின்றிப் பெருகுகின்றன. மறுபடி 'க' கிருமிக்கே திரும்பிச் சென்று ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டாலோ, 'ச' நாட்டு உரிமை பறிபோகிறது. உண்ணியின் குணம் மாறவில்லை. அதன் எழுத்துக்களும் மாறவில்லை. பிறந்த ஊரின் முத்திரை மட்டுமே மாறுகிறது. நம் இலாகாவில் இதனைப் புரியவைப்பது எளிது. ஒரு கோட்டத்தில் முத்திரையிட்ட பாஸ் மற்றொரு கோட்டத்தில் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வாறோ தப்பித்து அங்கே போய்ச் சேர்ந்தவனுடைய பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டத்து முத்திரை பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

இம்முத்திரை எதில் குத்தப்படுகிறது? செல்லாத பாஸுடன் வந்தவனை உள்ளே யார் பிடிப்பது? சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்தில் இருந்த வெர்னர் ஆர்பர் என்பவர், டெய்ஸி டுஸ்வா என்ற மாணவியுடன் சேர்ந்து 1962இல் விடை கண்டார். முத்திரை டி.என்.ஏ. நூலின் மீதே இருக்கிறது. முத்திரையற்ற நூல் உள்ளே நுழைந்ததும் கிருமியிடம் உள்ள ஒரு நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. இதே நோபல் பரிசாளரின் மகள் சில்வியா பத்து வயதில் தன் தந்தையின் ஆராய்ச்சியை ஒரு குட்டிக் கதையாக்கினாளாம். கிருமி என்பது ஓர் அரசு; அதில் டி.என்.ஏ. என்னும் ராஜா இருக்கிறான். நொதிகள் எல்லாம் அவனுடைய வேலைக்காரர்கள். அப்பா கண்டுபிடித்தது கத்தரிக்கோல் வைத்திருக்கும் வேலைக்காரனை. அந்நிய ராஜா வந்தால் அவன் வெட்டிப்போடுவான்; தன் ராஜாவைத் தொடமாட்டான். பெரிய பெரிய புத்தகங்களில் பக்கக்கணக்காக எழுதியிருப்பதற்கு மேல் இக்குழந்தையின் கதையில் விஷயம் தெளிவாக இருக்கிறது.

நொதி என்றால் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். இட்லி மாவு பொங்குவதும், பால் தயிராவதும், உண்ட சோறு செரிப்பதும் நொதிகளின் வேலையே. தான் மாறாமல் மற்றொன்றை மாற்றும் புரதம் அது. சோற்றை அறுக்கும் நொதி நம் எச்சிலில் இருப்பது போல, டி.என்.ஏ. நூலை அறுக்கும் நொதி கிருமியிடம் இருக்கிறது.

ஆர்பர் ஆராய்ந்த வகைக் கத்தரிகளில் ஒரு குறை இருந்தது. அவை ஓரிடத்தில் அடையாளத்தைப் படித்துவிட்டு, வெகு தூரம் தள்ளி ஏதேனும் ஓரிடத்தில் வெட்டின. எங்கே வெட்டும் என்று சொல்ல முடியாத தையற்காரனை வைத்துக்கொண்டு யார் சட்டை தைக்க முடியும்? 1970இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஹாமில்டன் ஸ்மித் என்பவர் குறிதவறாத கத்தரியைக் கண்டார். அவரும் வில்காக்ஸ் என்ற மாணவரும் ஹீமோபிலஸ் என்ற கிருமியின் சாற்றில் ஓர் உண்ணியின் டி.என்.ஏ.யைக் கலந்து பார்த்தனர். நீண்ட நூல்கள் நிறைந்த கரைசல் பாகுபோல் கெட்டியாக இருக்கும். நூல் அறுந்தால் நீர்த்துப்போகும். அந்நிய டி.என்.ஏ. கலந்த பாகு நீர்த்தது. அந்தக் கிருமியின் சொந்த டி.என்.ஏ. கலந்த பாகு அப்படியே நின்றது. பின்னர் கெல்லி என்பவரோடு சேர்ந்து, அந்நொதி எந்த எழுத்துக்களைப் பார்த்து வெட்டுகிறது என்பதையும் படித்துவிட்டனர்.

இங்கே எழுத்து என்று நாம் சொல்வதை விளக்கவேண்டும். டி.என்.ஏ. நூல் இரட்டை இழை. அதில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்கள். ஓர் இழையில் ஏ இருக்கும் இடத்துக்கு எதிரே மற்றதில் டி இருக்கும். ஜி இருக்கும் இடத்துக்கு எதிரே சி இருக்கும். ஒரு ஜோடி மாறி நிற்பதில்லை. இரண்டு இழைகளும் எதிர் எதிர்த் திசையில் ஓடுகின்றன: ஒன்று தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பாதை என்றால், மற்றது சென்னையிலிருந்து தில்லிக்கு வரும் பாதை.

மிகவும் பெயர்பெற்ற கத்தரி ஒன்று, 'ஜி-ஏ-ஏ-டி-டி-சி' என்ற ஆறு எழுத்துக்களைக் கண்டால் வெட்டும். எதிர் இழையில் என்ன இருக்கும்? நேர் எதிரே 'சி-டி-டி-ஏ-ஏ-ஜி'. அந்த இழையை அதற்குரிய திசையில், வலமிருந்து இடமாகப் படியுங்கள்: மறுபடியும் 'ஜி-ஏ-ஏ-டி-டி-சி'! தமிழறிந்தார்க்கு இவ்விளையாட்டு புதிதன்று. 'விகடகவி', 'தேரு வருதே' என்று நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்லும். மாலைமாற்று என்று இதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியிருக்கிறார். நம் மாலைமாற்று ஒரே வரியைத் திருப்பிப் படிப்பது. கிருமியின் மாலைமாற்றில் எதிர் வரியைத் திருப்பிப் படிக்கவேண்டும். அவ்வளவே வேறுபாடு.

இம்மாலைமாற்று அழகுக்காக அமைந்ததன்று. வெட்டும் நொதி இரண்டு ஒத்த பாதிகள் சேர்ந்தது. ஒரு பாதி ஓர் இழையைப் படிக்கிறது. மறு பாதி எதிர் இழையைப் படிக்கிறது. இருவரும் ஒரே பாடம் படித்தவர்களாதலால், இரு இழைகளிலும் ஒரே சொல் இருந்தாலன்றி இருவரும் சேர்ந்து கைவைக்க இயலாது. நொதி நூலின் மீது வழுக்கிக்கொண்டே செல்கிறது. ஐந்து எழுத்துப் பொருந்தி ஆறாவது எழுத்துப் பொருந்தாவிடில் விட்டுச்செல்கிறது. ஆறும் பொருந்தினால் நூலை இறுகப் பற்றிச் சற்றே வளைக்கிறது. அப்போதுதான் கத்தரியின் அலகுகள் சரியான இடத்தில் வந்து அமைகின்றன. உப்புக்களில் ஒன்றான மக்னீசியம் அருகில் இருக்கவேண்டும். அஃதில்லாவிடில் கத்தரி படிக்கும், வெட்டாது. மக்னீசியத்தின் உதவியால் ஒரு துளி நீர் நூலின் முதுகெலும்பான பாஸ்பேட் பிணைப்பின்மேல் பாய்ந்து அதனைப் பிளக்கிறது. கத்தரி என்கிறோமே, உண்மையில் அறுப்பது தண்ணீரே.

ஆனால் கிருமியின் சொந்த நூலிலும் இந்த ஆறெழுத்துச் சொல் ஆங்காங்கே இருக்குமே? இருக்கிறது. அங்கேதான் முத்திரை. கத்தரிக்கு ஜோடியாக மற்றொரு நொதி உண்டு. அஃதும் அதே ஆறெழுத்தைப் படிக்கும். ஆனால் வெட்டாமல், அதிலுள்ள ஓர் 'ஏ'யின் நெற்றியில் மெதில் என்ற சிறு பொட்டை வைத்துவிடும். பொட்டு வைத்த சொல்லில் கத்தரியின் அலகு பொருந்தாது. கிருமி இரண்டாகப் பிளந்து பெருகும்போது நூலும் இரண்டாகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. பழைய இழையில் பொட்டு இருக்கிறது, புதியதில் இன்னும் இல்லை. அந்த இடைவேளையில் கத்தரி என்ன செய்யும்? ஒரு பக்கம் பொட்டு இருந்தாலே தொடாது. அதற்குள் பொட்டு வைப்பவன் வந்து மறுபக்கத்தையும் முடித்துவிடுகிறான். வந்தேறிய உண்ணியின் நூலில் இரு பக்கமும் பொட்டில்லை. ஆகவே வெட்டு விழுகிறது. பதினாயிரத்தில் ஒரு தடவை கத்தரிக்காரன் வருமுன் பொட்டுக்காரன் வந்துவிடுகிறான். அந்த உண்ணிதான் பிழைக்கிறது.

இக்கத்தரிகளுக்குப் பெயரிடும் முறை நம் போன்றோர்க்கு மிகவும் பிடித்தமானது. புது தில்லிக்கு 'என்.டி.எல்.எஸ்.' என்றும், நிஜாமுதீனுக்கு 'என்.இஸட்.எம்.' என்றும் நிலையக் குறியீடு வைக்கிறோம் அன்றோ? அவ்வாறே கிருமியின் இனப்பெயரில் ஓர் எழுத்து, வகைப்பெயரில் இரண்டு எழுத்து, குலத்தின் எழுத்து, எத்தனையாவது கண்டது என்ற எண். 'எஸ்கெரிக்கியா கோலை' என்ற குடற்கிருமியின் 'ஆர்' என்று தொடங்கும் குலத்தில் முதலாவதாகக் கண்டது 'ஈகோ ஆர் ஒன்று'. மேலே சொன்ன ஆறெழுத்துக் கத்தரி அதுவே. ஸ்மித் கண்டது 'ஹிண்ட் இரண்டு'. இதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கத்தரிகளைக் கிருமிகளிடமிருந்து கண்டு பெயரிட்டிருக்கின்றனர்.

'ஹிண்ட் இரண்டு' நூலை நேராக மொட்டையாக வெட்டும். 'ஈகோ ஆர் ஒன்று' அப்படியன்று. ஒவ்வோர் இழையிலும் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே வெட்டுவதால் வெட்டு படிக்கட்டுப்போல் விழுகிறது. இரு துண்டுகளின் முனைகளிலும் 'ஏ-ஏ-டி-டி' என்ற நான்கெழுத்து வால் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வால் எதனோடு சேரும்? இதே கத்தரி வெட்டிய எந்த வாலோடும் சேரும். இப்போது ஓடும் ரயில் பெட்டிகளின் நடு இணைப்பியைப் பார்த்திருப்பீர்கள்: இரு கைகளின் விரல்களை மடக்கிக் கோத்தாற்போல இருக்கும். ஆண் பெண் என்ற பேதம் அதில் இல்லை. எந்தப் பெட்டியின் எந்த முனையும் எந்தப் பெட்டியின் எந்த முனையோடும் கோத்துக்கொள்ளும். கபுர்தலாவில் கட்டிய பெட்டியையும் பெரம்பூரில் கட்டிய பெட்டியையும் ஒரே வண்டியில் இணைக்கலாம் என்பது இதனால்தான். அவ்வாறே மனிதனின் நூல் துண்டையும் கிருமியின் நூல் துண்டையும் கோக்கலாம். லிகேஸ் என்ற மற்றொரு நொதி அந்த இணைப்பை நிரந்தரமாக ஒட்டிவிடும். 1973இல் கோஹன், போயர் என்னும் இருவர் கலிபோர்னியாவில் இவ்வாறு வெட்டி ஒட்டிய நூலைக் கிருமியினுள் புகுத்திப் பெருக்கிக் காட்டினர்.

அதன் பலன் நம்மில் பலர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கிறது. நீரிழிவுக்குப் போடும் இன்சுலின் முற்காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்ததாகும். ஆசாரமுள்ள குடும்பங்களில் அதைச் சொல்லாமலே ஊசி போட்டுவந்தனர். மனித இன்சுலினுக்குரிய எழுத்தைக் கிருமியினுள் ஒட்டி, கிருமியையே இன்சுலின் செய்ய வைத்த மருந்துக்கு அமெரிக்காவில் 1982இல் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் மஞ்சட்காமாலைத் தடுப்பூசியை இவ்வகை முறையில் செய்து வெளியிட்டது; இன்று கைக்குழந்தைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் 'பி' தடுப்பூசி அவ்வினத்தது.

ஆர்பர், ஸ்மித், நேதன்ஸ் ஆகிய மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. நேதன்ஸ் செய்தது யாதெனில், 1971இல் குரங்கிடம் காணும் ஒரு வைரஸின் நூலை 'ஹிண்ட்' கத்தரியால் 11 துண்டுகளாக்கி, அவற்றை நீளவாரியாகப் பிரித்துக் காட்டியதே. ஒரு பாளம் கூழில் துண்டுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அவை ஒரு முனையை நோக்கி ஓடும். சிறிய துண்டு முன்னே போகும், பெரியது பின்தங்கும். தீபாவளிக் கூட்டத்தில் புது தில்லி நிலையத்துப் பிளாட்பாரத்தைப் பார்த்தவர்க்கு விளக்கம் தேவையில்லை: சிறுவன் இடுக்கில் புகுந்து வண்டியருகே நிற்கிறான், டிரங்குப் பெட்டியும் மூட்டையுமாகத் தந்தையார் மாடிப்படியிலேயே நிற்கிறார்.

இந்த ஓட்டப்பந்தயத்திலிருந்துதான் நீதிமன்றம் வரை ஒரு பாதை போடப்பட்டது. மனிதனுடைய நூலில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். ஆறெழுத்துக் கத்தரி சராசரியாக 4,096 எழுத்துக்கு ஓரிடத்தில் வெட்டும். ஆகவே ஏறத்தாழ 7 லட்சம் துண்டுகள். எல்லார் நூலும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் சில இடங்களில் ஒரு சிறு சொல் திரும்பத் திரும்ப வரும். ஒருவரிடம் 10 தடவை, மற்றவரிடம் 40 தடவை. கத்தரி அப்பகுதியின் இரு ஓரங்களில் வெட்டுவதால் துண்டின் நீளம் ஆளுக்கு ஆள் வேறாகும். 1984இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இதனைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று காட்டினார்.

நம் நாட்டில் இதனைச் செய்தவர் லால்ஜி சிங். உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 1947இல் பிறந்து, காசி இந்து பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பட்டைக் கட்டுவிரியன் என்ற நச்சுப்பாம்பின் பெண்பாலில் ஆண் பெண் வேறுபாட்டை ஆராயப் புகுந்து, 'ஜி-ஏ-டி-ஏ' என்ற சொல் அடுக்கடுக்காக வருவதைக் கண்டார். அது மனித நூலிலும் வருகிறது. ஆளுக்கு ஆள் வேறான நீளத்தில் வருகிறது. பாம்பிடம் கண்ட சொல்லையே வலையாக வீசி மனிதனின் துண்டுகளைப் பிடிக்கும் முறையை அவர் ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் 1980களின் இறுதியில் நிறுவினார். கூழில் ஓடிய துண்டுகளை ஒரு தாளுக்கு மாற்றுவது இதில் ஒரு படி. அதற்கு 'சதர்ன்' முறை என்று பெயர். சதர்ன் ரயில்வேக்கும் அதற்கும் உறவேதும் உண்டோ என்று முதலில் நமக்கு ஓர் ஆசை. இல்லை, எட்வின் சதர்ன் என்ற ஆங்கில அறிஞரின் பெயர் அது.

கேரளத்துத் தலைச்சேரியில் ஒரு பெண் தன் குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு வழக்குத் தொடுத்தாள். குழந்தை தன்னுடையதன்று என்றான் அந்த மனிதன். இத்தகைய வழக்குகளில் அதுகாறும் என்ன நடந்துவந்தது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. பெண்ணின் நடத்தையைப் பற்றி நடுக்கூடத்தில் கேள்வி கேட்பார்கள். இம்முறை நீதிபதி மூவரின் இரத்தத்தையும் ஹைதராபாத்துக்கு அனுப்பினார். கத்தரி வெட்டியது, துண்டுகள் ஓடின, படச்சுருளில் கோடு கோடாக விழுந்தன. கணக்கு மிக எளிது. குழந்தையின் கோடுகளில் தாயிடம் உள்ளவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சிய ஒவ்வொரு கோடும் தந்தையிடம் இருந்தே தீரவேண்டும். இருந்தது. லால்ஜி சிங் நேரில் வந்து சாட்சி சொன்னார். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று 1991இல் அங்கும் அந்தச் சாட்சியம் நிலைபெற்றது. இந்திய நீதிமன்றங்களில் டி.என்.ஏ. சாட்சியம் கால்வைத்தது இவ்வழக்கில்தான். ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லை ஊரார் நம்பாத இடத்தில், கிருமியிடமிருந்து எடுத்த ஒரு நொதி அவள் பக்கம் நின்று பேசியது என்பதே இதில் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

தலைநகர் வாசிகள் மறக்கவியலாத மற்றொன்று 1995 ஜூலை 2ஆம் தேதி இரவு நடந்தது. புது தில்லியின் நடுவே இருந்த ஓர் உணவகத்தின் தந்தூர் அடுப்பில் ஓர் இளம்பெண்ணின் உடலை எரிக்க முயன்றதை ரோந்து வந்த காவலர் கண்டுபிடித்தார். குடும்பப் பத்திரிகையில் அதன் விவரங்கள் வேண்டா. உடல் கருகியிருந்தது. இறந்தவள் இன்னாள் என்று ஐயமறச் சொன்னாலன்றி வழக்கே நில்லாது. பெற்றோரின் இரத்தமும் உடலின் பகுதியும் ஹைதராபாத் மையத்துக்கே சென்றன. இந்தத் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தவளே என்று அறிக்கை வந்தது. கீழ்க்கோர்ட்டு மரணதண்டனை விதித்தது. 2013 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை ஆயுள்தண்டனையாகக் குறைத்தது. தண்டனை எவ்வளவு என்பதில்தான் அபிப்பிராய பேதம் இருந்தது. இறந்தவள் யார் என்பதை அந்நீதிமன்றமும் ஏற்றது. லால்ஜி சிங் 2017 டிசம்பரில் காலமானார்.

ஒன்று சொல்லவேண்டும். நீதிமன்ற ஆய்வில் இப்போது கத்தரிக்கு அவ்வளவு வேலை இல்லை. அம்முறைக்கு நிறைய இரத்தம் வேண்டும், பல நாட்களும் பிடிக்கும். ஒரு முடிவேரில் கிடைக்கும் நூலையே கோடிக்கணக்கில் படியெடுத்து, சிறு அடுக்குச் சொற்களை அளந்துவிடும் முறை வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கூடங்களில் வெட்டி ஒட்டும் வேலையிலோ, கத்தரி இன்றும் நாள்தோறும் எடுக்கும் கருவி. நம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துப் பக்கம் அருணா ஆசஃப் அலி மார்க்கில் தேசிய நோய்த்தடுப்பியல் நிலையமும் சர்வதேச மரபுப் பொறியியல் மையமும் அருகருகே இருக்கின்றன. பேருந்தில் அவ்வழியே செல்வோர் பலர் அங்கே என்ன நடக்கிறது என்று அறியார்.

நம் தமிழகத்தோடு தொடர்புள்ள செய்தி ஒன்றும் உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் வடிவச் சிவப்பணுவைக் கண்டனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் அக்குறை வந்துசேர்ந்த குழந்தைக்கு அடிக்கடி தாங்கொணா வலியும் இரத்தச்சோகையும் வரும். அதற்குக் காரணம் 300 கோடி எழுத்தில் ஓரெழுத்துப் பிழை: 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'டி'. தற்செயலாக அந்த இடம் ஒரு கத்தரி வெட்டும் சொல்லின் நடுவில் இருக்கிறது. சரியான எழுத்தாயின் கத்தரி வெட்டும். சுமார் 1,150 எழுத்து நீளத் துண்டு கிடைக்கும். பிழையான எழுத்தாயின் வெட்டாது. 1,350 எழுத்து நீளத் துண்டாக நின்றுவிடும். 1982 முதல் கருவிலுள்ள குழந்தையின் நிலையை இவ்வாறு நேராக அறிய முடிந்தது. கத்தரி வெட்டாமல் விட்டதே இங்கு செய்தி.

இக்கத்தரிகளை அனுப்புவதும் வைத்திருப்பதும் தனித் தொல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் கிளிசரின் கலந்து வைக்கவேண்டும். வேலை செய்யும்போது நம் உடம்புச் சூடான 37 பாகை வேண்டும். உப்பு அளவு தவறினால் வெட்டக்கூடாத இடத்திலும் வெட்டத் தொடங்கிவிடும். வழியில் குளிர் விட்டுப்போனால் வலுவிழக்கும். பார்சல் விவகாரம் அறிந்தவர்கள் நாம்; கடல் கடந்து இப்பொருள் வந்துசேர்வது எத்தனை கஷ்டம் என்று ஊகிக்க முடிகிறது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பி. பாபு என்ற விஞ்ஞானி 1989இல் பெங்களூரில் ஜெனெய் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இவ்வகை நொதிகளை இங்கேயே செய்து கொடுக்க முன்வந்தார். இவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் நன்றாயிருக்கும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு நீண்ட காகிதத்தில் பின்வரும் எழுத்துக்களை எழுதிக்கொள்ளுங்கள்: டி, ஏ, ஜி, ஏ, ஏ, டி, டி, சி, ஜி, சி, ஜி, ஏ, டி, டி, ஏ, சி, ஜி, ஏ, ஏ, டி, டி, சி, ஏ, ஏ. இதற்குக் கீழே எதிர் இழையையும் எழுதி, 'ஈகோ ஆர் ஒன்று' எங்கெங்கே வெட்டும் என்று கண்டு, உண்மையான கத்தரியால் படிக்கட்டுப்போல் வெட்டிப் பாருங்கள். நடுவில் ஓரிடம் ஏமாற்றும், கவனம். எத்தனை துண்டு கிடைக்கிறது என்று எண்ணியபின், இன்னொரு காகிதத்தில் அதையே எழுதி இரு முனைகளையும் வளையல்போல் ஒட்டிவிட்டு வெட்டினால் எத்தனை கிடைக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.